இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன சமய எதிர்ப்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மத சுதந்திரம் தேடி மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனார்கள்" என்று ஒரே வரியில் இந்த வரலாற்றை முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி பொய் இல்லை. ஆனால் யாருடைய சுதந்திரம், போன இடத்தில் அடுத்தவனுக்கு அதில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரிப் போகும். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இவர்கள் எதை எதிர்த்தார்கள்? இங்கிலாந்துதான் ஏற்கெனவே போப்பை விட்டு விலகிவிட்டதே?

விலகியது உண்மைதான். 1534இல் எட்டாம் ஹென்றி தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். ஆனால் தலைமை மாறிய அளவுக்கு வழிபாடு மாறவில்லை. பேராயர்கள் அப்படியே இருந்தார்கள். போதகர் வெள்ளை அங்கி போட்டார், ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார், திருவிருந்தை மக்கள் முழங்காலில் நின்று வாங்கினார்கள். "இதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது?" என்று ஒரு கூட்டம் கேட்க ஆரம்பித்தது.

அங்கியும் சிலுவைக் குறியும் இவ்வளவு பெரிய விஷயமா என்று நமக்குத் தோன்றலாம். அன்று திருச்சபையை எதிர்ப்பது அரசனை எதிர்ப்பதுதான். 1559இல் எலிசபெத் அரசி கொண்டுவந்த சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாதவர் 12 பென்ஸ் அபராதம் கட்டவேண்டும். கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல். தனியாகக் கூடி ஜெபம் செய்தால் சிறை. 1593இல் ஹென்றி பாரோ, ஜான் கிரீன்வுட், ஜான் பென்ரி ஆகிய மூவரைத் தூக்கிலேயே போட்டார்கள்.

பியூரிட்டன், பில்கிரிம், செப்பரட்டிஸ்ட் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. அதிகம் குழப்புவது இதுதான்.

திருச்சபை என்ற கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே இருந்து வீட்டைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தவர்கள் பியூரிட்டன்கள், அதாவது தூய்மைவாதிகள். இந்த வீட்டைத் திருத்த முடியாது என்று தனிக்குடித்தனம் போனவர்கள் செப்பரட்டிஸ்டுகள். இவர்களில் 1620இல் அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய சிறு கூட்டத்தைத்தான் பிற்காலத்தில் பில்கிரிம்கள், யாத்திரிகர்கள் என்று அழைத்தார்கள். எண்ணிக்கையில் பியூரிட்டன்கள் மிகப் பெரும்பான்மை. புகழில் மட்டும் பில்கிரிம்கள் முந்திவிட்டார்கள்.

பியூரிட்டன் என்பது எதிரிகள் வைத்த கிண்டல் பெயர். பின்னால் வரப்போகும் குவேக்கர் என்ற கூட்டத்தின் பெயரும் அப்படியே, நடுங்கிகள் என்று அர்த்தம். இரண்டுமே ஒட்டிக்கொண்டுவிட்டன.

அமெரிக்காவுக்கு முன்னால் ஏன் ஹாலந்து போனார்கள்?

நாட்டிங்ஹாம்ஷயரில் ஸ்குரூபி என்ற சின்ன ஊர். அங்கே தபால் அதிகாரியாக இருந்தவர் வில்லியம் புரூஸ்டர். அவர் வசித்த மாளிகையில் ஒரு கூட்டம் ரகசியமாகக் கூடி வந்தது. பக்கத்து ஆஸ்டர்ஃபீல்டிலிருந்து வந்த வில்லியம் பிராட்ஃபோர்டு அதில் ஒருவர். பின்னாளில் பிளிமத்தின் ஆளுநர் ஆனவர், நமக்குத் தெரிந்த பாதிக் கதையை எழுதிவைத்தவரும் அவரே.

நெருக்கடி முற்றியதும் 1607இல் கிளம்பப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் உள்ள பாஸ்டன் ஊரில் ஒரு கப்பல்காரரிடம் பேசிப் பணமும் கட்டினார்கள். ஏறின பிறகு அந்த ஆளே காட்டிக்கொடுத்துவிட்டார். பணம், புத்தகம் எல்லாம் பறிபோய்ச் சிலர் சிறைக்கும் போனார்கள். மறு வருடம் ஒரு டச்சுக் கப்பலை ஏற்பாடு செய்தார்கள். ஆண்களில் ஒரு பகுதியினர் ஏறியிருந்தபோது கரையில் ஆயுதங்களோடு ஆட்கள் வருவதைப் பார்த்த கப்பல் தலைவர் சட்டென்று நங்கூரத்தை எடுத்துவிட்டார். மனைவிமாரும் குழந்தைகளும் கரையில் நின்று அழ, கப்பலில் இருந்தவர்கள் மாற்றுத் துணிகூட இல்லாமல் கடலில் போனார்கள். பிடிபட்ட பெண்களை என்ன செய்வதென்று அதிகாரிகளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் வீட்டை விற்றுவிட்டுத்தானே வந்திருக்கிறார்கள்! கடைசியில் விட்டுவிட்டார்கள். சிறுகச் சிறுக எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்து, 1609இல் லைடன் நகரத்துக்கு மாறினார்கள்.

லைடனில் வழிபாட்டுக்கு யாரும் தடை சொல்லவில்லை. ஆக, மத சுதந்திரம் அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு ஏன் கிளம்பினார்கள்? வறுமை ஒரு காரணம். கிராமத்து விவசாயிகள் நகரத்தில் நெசவுத் தொழிலில் விடியவிடிய உழைத்தார்கள், பிராட்ஃபோர்டும் துணி நெய்தார். குழந்தைகள் டச்சு பேசி, டச்சுக்காரர்களாகவே மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினோடு ஹாலந்து செய்திருந்த 12 ஆண்டு போர்நிறுத்தம் 1621இல் முடியப்போகிறது என்ற பயமும் இருந்தது. புரூஸ்டர் ரகசியமாக நடத்திய அச்சகத்தை இங்கிலாந்து அரசின் நெருக்கடியால் 1619இல் மூடிவிட்டார்கள். வெளிநாட்டில் குடியேறிப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அந்த மொழிக் கவலையை விளக்கவே வேண்டாம்.

மேஃபிளவரில் போன எல்லோரும் பக்தர்களா?

பாதிப்பேர்கூட இல்லை. பயணிகள் 102 பேர். லைடன் சபையைச் சேர்ந்தவர்களைவிட, லண்டன் முதலீட்டாளர்கள் சேர்த்துவிட்ட தொழிலாளர்கள், வேலைக்காரர்கள், பிழைப்புத் தேடியவர்கள்தான் அதிகம். சபையார் இவர்களை 'அந்நியர்கள்' என்பார்கள். பயணச் செலவு பெரும்பாலும் லண்டன் வியாபாரிகளின் முதலீடு. ஏழு வருடம் உழைத்து லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாக ஒப்பந்தம். அந்தக் கடன் 1640கள் வரை காலைச் சுற்றிய பாம்பாக இருந்தது.

உண்மையில் இரண்டு கப்பல்கள் கிளம்பின. ஸ்பீட்வெல் என்ற இரண்டாவது கப்பல் ஓயாமல் ஒழுக, இரண்டு முறை திரும்பி வந்து, கடைசியில் மேஃபிளவர் மட்டும் 1620 செப்டம்பரில் தனியாகப் போனது. புயலில் நடுக்கடலில் கப்பலின் முக்கிய உத்தரம் ஒன்று வளைந்து விரிசல் விட்டது. திரும்பிவிடலாமா என்று மாலுமிகளே பேச ஆரம்பித்தார்கள். ஹாலந்திலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த பெரிய இரும்புத் திருகு ஒன்று உதவிக்கு வந்தது. அதை வைத்து உத்தரத்தை நெம்பித் தூக்கி, கீழே ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள்.

இன்னொரு நாள் ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞர் மேல்தளத்துக்கு வந்தவர் ஆட்டத்தில் கடலில் விழுந்தார். தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்மரக் கயிறு ஒன்று கையில் மாட்டியது. சில பாகம் ஆழத்துக்கு மூழ்கியும் பிடியை விடவில்லை, கொக்கி போட்டு இழுத்துவிட்டார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் அவருடைய வம்சாவளிதான்.

பெயர்களையும் பார்க்கவேண்டும். புரூஸ்டரின் பிள்ளைகளில் சிலருக்குப் பொறுமை, அச்சம், அன்பு, மல்யுத்தம் என்று ஆங்கிலத்தில் பெயர். மல்யுத்தம் ஏன்? யாக்கோபு கடவுளின் தூதரோடு இரவெல்லாம் மல்லுக்கட்டிய கதை நினைவாக இருக்கவேண்டும். நடுக்கடலில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஓஷியானஸ் என்று பெயர் வைத்தார்கள்.

மேஃபிளவர் ஒப்பந்தம் என்பது அரசியல் சாசனமா?

அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அனுமதி இருந்தது ஹட்சன் ஆற்றுப் பக்கம். போய்ச் சேர்ந்தது அதற்கு வடக்கே கேப் காட். "அனுமதி இல்லாத இடத்தில் எங்களுக்கு யார் கட்டளை போடுவது?" என்று அந்நியர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். கலகம் வராமல் இருக்க, கரை இறங்குமுன் ஒரு சின்னத் தாளில் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆட்சியமைப்பாக இருப்போம், பொதுநன்மைக்குச் செய்யும் சட்டங்களுக்குக் கீழ்ப்படிவோம் என்று எழுதினார்கள். 41 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். மத சுதந்திரம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

முதல் வருடம் எப்படிப் பிழைத்தார்கள்? தேங்க்ஸ்கிவிங் விருந்து உண்மையா?

பாதிப்பேர் பிழைக்கவில்லை. டிசம்பரில் வந்து இறங்கி, பனியில் குடிசை போட்டு, ஸ்கர்வி என்ற நோயும் காய்ச்சலும் வந்து, வசந்தத்துக்குள் ஏறக்குறைய ஐம்பது பேர் செத்தார்கள். பிராட்ஃபோர்டின் மனைவி டாரத்தி கரையில் வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனார்.

அவர்கள் குடியேறிய இடம் காலி இடம் அல்ல, காலியாக்கப்பட்ட இடம். பட்டுக்ஸெட் என்ற கிராமம் அது. 1616 முதல் 1619 வரை ஐரோப்பியர்கள் வழியாகப் பரவிய கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் மட்டும் மிஞ்சினார், டிஸ்குவாண்டம், ஸ்குவாண்டோ என்றும் சொல்வார்கள். 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் அடிமையாக விற்கப் பார்த்தார். அங்கிருந்து தப்பி லண்டன் போய், ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பியவருக்கு ஊரே இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சோளம் விதைக்கவும், மேட்டில் மீன் புதைத்து உரமிடவும் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். தன்னைக் கடத்தியவர்களின் மொழியில், தன் சொந்த ஊர் மண்ணில்.

அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் 1621 மார்ச்சில் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கொள்ளைநோயில் ஆள்பலம் இழந்திருந்த அவருக்கும் அண்டைப் பகைவர்களுக்கு எதிராகத் துணை தேவைப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் அறுவடை விருந்து நடந்தது, மாசசோயிட் 90 ஆட்களோடு வந்தார், ஐந்து மான்கள் கொண்டுவந்தார், மூன்று நாள் சாப்பாடு. இதெல்லாம் எட்வர்டு வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லவில்லை. ஆண்டுதோறும் வரும் தேசிய விடுமுறையாக அது நிலைத்தது 1863இல் லிங்கன் விட்ட அறிவிப்புக்கு அப்புறம்தான்.

பெரிய அளவில் மக்கள் எப்போது போனார்கள்?

1630இல். முதலாம் சார்ல்ஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தானே ஆண்டார். வில்லியம் லாட் என்ற பேராயர் சடங்குகளை இன்னும் இறுக்கினார். உள்ளேயிருந்து திருத்தலாம் என்று நம்பிய பியூரிட்டன்களுக்கும் நம்பிக்கை போய்விட்டது. ஜான் வின்த்ரோப் என்ற வழக்கறிஞர் தலைமையில் 11 கப்பல்களில் சுமார் 700 பேர் மாசசூசெட்ஸ் போய், பாஸ்டனை நிறுவினார்கள். நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதிக்கு அடுத்த பத்து வருடத்தில் போனவர்கள் சுமார் 20,000.

இதில் ஒரு வக்கீல் புத்தி இருக்கிறது. அரசர் கொடுத்த சாசனம் மாசசூசெட்ஸ் பே கம்பெனிக்கு. கம்பெனியின் கூட்டங்கள் எங்கே நடக்கவேண்டும் என்று அதில் குறிப்பிடவில்லை. சரி, கூட்டத்தை அமெரிக்காவிலேயே வைத்துக்கொள்வோம் என்று சாசனத்தையே பெட்டியில் வைத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். பங்குதாரர் கூட்டம் அப்படியே சட்டசபை ஆனது, கம்பெனித் தலைவர் ஆளுநர் ஆனார்.

தெற்கே இருந்த வர்ஜீனியா குடியேற்றத்துக்குப் பெரும்பாலும் இளம் ஆண்கள் போனார்கள். இங்கே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. 1636இலேயே ஒரு கல்லூரிக்குப் பணம் ஒதுக்கினார்கள், அதுதான் ஹார்வர்டு. 1647 சட்டப்படி 50 குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்கவேண்டும். காரணத்தைச் சட்டமே சொல்கிறது: மக்கள் பைபிளைப் படிக்கவிடாமல் செய்வது சாத்தானின் சூழ்ச்சியாம்.

அப்படியானால் மற்றவர்களுக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தார்களா?

இல்லை. கொடுப்பதாகச் சொன்னதும் இல்லை, அதனால் இரட்டை வேடம் என்று திட்டுவதுகூட அவ்வளவு பொருந்தாது. சரியான வழிபாடு ஒன்றுதான், அதைச் செய்ய ஓர் இடம் வேண்டும் என்றுதான் வந்தார்கள். நத்தேனியல் வார்டு என்ற போதகர் 1647இல் எழுதியதன் சாரம்: மாற்றுக் கருத்துக்காரர்களுக்கு எங்களை விட்டுத் தள்ளி நிற்க முழுச் சுதந்திரம் உண்டு.

முதலில் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ். போதகர், பியூரிட்டன்களைவிடத் தீவிரமான பியூரிட்டன். ஒருவருடைய மனச்சாட்சியில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்றார். பூர்வகுடிகளின் நிலத்தை இங்கிலாந்து அரசர் எப்படித் தானம் செய்யலாம் என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் எல்லோருடைய பட்டாவும் ஆடும். 1635இல் நாடுகடத்தத் தீர்ப்பாயிற்று. இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று தெரிந்து, 1636 ஜனவரிப் பனியில் வீட்டை விட்டு நடந்தார். ரகசியமாக எச்சரிக்கை அனுப்பியவர் வின்த்ரோப்தான் என்று வில்லியம்ஸே பின்னால் எழுதினார். மனிதர்கள் அப்படி. பூர்வகுடிகள் அடைக்கலம் கொடுத்தார்கள். நாரகான்செட் தலைவர்களிடம் நிலம் வாங்கி அவர் உருவாக்கிய பிராவிடன்ஸ் ஊர்தான் ரோட் தீவுக் குடியேற்றத்தின் தொடக்கம். அங்கே கோயிலுக்கு வரி இல்லை, கட்டாயம் இல்லை. பாப்டிஸ்டுகள் வந்தார்கள், குவேக்கர்கள் வந்தார்கள், யூதர்களும் வந்தார்கள்.

அடுத்தவர் ஆன் ஹட்சின்சன். மருத்துவச்சி, 15 பிள்ளைகளைப் பெற்றவர். ஞாயிறு பிரசங்கத்தைப் பற்றித் தன் வீட்டில் பெண்களோடு பேச ஆரம்பித்தார், பிறகு ஆண்களும் வந்தார்கள். நற்செயலால் ரட்சிப்பு வந்துவிடாது என்றும், பல போதகர்கள் அதைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்றும் பேசினார். 1637 நவம்பரில் விசாரணை. வின்த்ரோப்பே ஆளுநர், அவரே குற்றம் சாட்டுபவர், அவரே நீதிபதி. ஹட்சின்சன் சொல்லுக்குச் சொல் வசனம் காட்டிப் பதில் கொடுத்தார். கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசினார் என்று சொன்னதும் மாட்டிக்கொண்டார். தீர்ப்பு வந்ததும் "எதற்காக என்னை வெளியேற்றுகிறீர்கள்?" என்று கேட்டார். "இனிப் பேசாதே, எதற்கென்று நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தி" என்றார் வின்த்ரோப். வழக்குப் பதிவிலேயே இருக்கிறது.

குவேக்கர்களைத் தூக்கில் போட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பாஸ்டனில் நான்கு பேரை.

குவேக்கர்கள் 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றி எழுந்த கூட்டம். ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி இருக்கிறது, எனவே போதகர், சடங்கு எதுவும் வேண்டாம் என்றார்கள். சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள், ஆயுதம் எடுக்கமாட்டார்கள், யாருக்கும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். அப்போது ஆங்கிலத்திலும் நம்மைப்போல நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருந்தது. குவேக்கர்கள் பண்ணையாரையும் நீதிபதியையும் 'நீ' என்றே கூப்பிட்டார்கள். இது எவ்வளவு பெரிய கலகம் என்று இன்றைய ஆங்கிலேயரைவிடத் தமிழருக்குச் சட்டென்று புரியும்.

1656இல் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற இரண்டு குவேக்கர் பெண்கள் பாஸ்டன் துறைமுகம் வந்தார்கள். புத்தகங்களை எரித்து, சூனியக்காரி அடையாளம் இருக்கிறதா என்று உடையைக் களைந்து பார்த்து, ஐந்து வாரம் அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அப்புறமும் வந்துகொண்டே இருந்தார்கள். சாட்டையடி, காது அறுப்பு, கடைசியாக 1658இல் ஒரு சட்டம்: வெளியேற்றிய பிறகும் திரும்பி வந்தால் மரணம்.

மேரி டயர் கதையை இங்கே சொல்லவேண்டும். ஆன் ஹட்சின்சனைச் சபைநீக்கம் செய்த அன்று கையைப் பிடித்துக் கூடவே வெளியே நடந்த தோழி இவர். அதற்கு முன் அவருக்கு ஊனத்தோடு ஒரு குழந்தை செத்துப் பிறந்திருந்தது. தோழிகள் அதை ரகசியமாகப் புதைத்திருந்தார்கள். வின்த்ரோப் அதைத் தோண்டி எடுக்கவைத்து, கடவுளின் தண்டனை என்று ஊரெல்லாம் எழுதிப் பரப்பினார். இவ்வளவுக்கும் பிறகு ரோட் தீவில் கணவர், பிள்ளைகளோடு நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தவர், இங்கிலாந்து போய்க் குவேக்கராகித் திரும்பினார்.

1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மார்மடூக் ஸ்டீவன்சன் இருவரோடு இவரையும் தூக்குமேடைக்கு நடத்திப் போனார்கள். அவர்கள் பேசுவது கூட்டத்துக்குக் கேட்டுவிடாமல் இருக்க வழியெல்லாம் பறையடித்தார்கள். இரண்டு நண்பர்களும் கண்ணெதிரே தொங்கினார்கள். இவர் கழுத்தில் கயிறு மாட்டி, கை கால் கட்டி, முகத்தையும் மூடினார்கள். மூடுவதற்குக் கைக்குட்டை கொடுத்தவர் பாஸ்டன் போதகர் ஜான் வில்சன். அந்த நிமிடத்தில் "மன்னிப்பு" என்று அறிவித்தார்கள். எல்லாம் முன்கூட்டியே செய்த ஏற்பாடு, பயமுறுத்தி விரட்டுவதுதான் திட்டம். அடுத்த வசந்தத்தில் மேரி டயர் திரும்பி வந்தார். சட்டத்தை நீக்குங்கள், இல்லாவிட்டால் நிறைவேற்றுங்கள் என்பதுதான் அவர் நிலைப்பாடு. 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். 1661இல் வில்லியம் லெட்ரா நான்காமவர். அந்த வருடமே இரண்டாம் சார்ல்ஸ் அனுப்பிய உத்தரவு கொலைகளை நிறுத்தியது. இங்கிலாந்து அரசரின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களை இங்கிலாந்து அரசர் கட்டுப்படுத்தவேண்டியதாயிற்று.

வில்லியம் பென் கதை என்ன? பென்சில்வேனியா எப்படி அமைந்தது?

கடற்படைத் தளபதி ஒருவரின் மகன் குவேக்கர் ஆனால் வீட்டில் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. 1670இல் லண்டன் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உள்ளே வரும்போது தலையில் தொப்பி இல்லை. அதிகாரிகளே எடுத்து மாட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றவில்லை என்று அபராதம் போட்டார்கள். ஜூரி குற்றவாளி என்று சொல்ல மறுத்தது. சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்தும் மசியவில்லை. எட்வர்டு புஷெல் என்ற ஜூரர் வழக்குப் போட்டு, தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக்கூடாது என்ற விதியே அதில் பிறந்தது.

பென்னின் தந்தைக்கு அரசர் 16,000 பவுன் கடன்பட்டிருந்தார். அதற்கு ஈடாக 1681இல் நிலம் எழுதிக்கொடுத்தார். பெயர், தந்தையின் நினைவாக. பென் அங்கே எல்லா நம்பிக்கையாளர்களையும் கூப்பிட்டார், ஜெர்மனியிலிருந்தும் வந்தார்கள். அங்கிருந்த பூர்வகுடிகளான லெனாப்பே மக்களிடம் விலை பேசி நிலம் வாங்கினார். அவர் பிள்ளைகள் காலத்தில் இந்த நேர்மை போய்விட்டது. ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் என்று பேசிய நிலத்தை அளக்க, 1737இல் வேகமாக ஓடக்கூடிய மூன்று ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, பாதையையும் முன்னாலேயே வெட்டி வைத்துவிட்டார்கள்.

பென்னும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அடிமைமுறை தப்பு என்று 1688இல் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் எழுதிய மனுவை மேல்சபைகள் ஓரம்கட்டிவிட்டன.

கத்தோலிக்கர்களும் போனார்களா?

போனார்கள். கத்தோலிக்கரான கால்வர்ட் குடும்பத்தின் மேரிலாந்துக் குடியேற்றத்துக்கு, 1634இல், ஆர்க், டவ் என்ற இரண்டு கப்பல்களில். 1649இல் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் சகிப்புச் சட்டம் ஒன்றும் போட்டார்கள். திரித்துவத்தை மறுத்தால் மரண தண்டனை என்று அதிலேயே இருந்தது. வர்ஜீனியா விரட்டிய பியூரிட்டன்களுக்கு மேரிலாந்து இடம் கொடுத்தது. அவர்கள் 1654இல் ஆட்சியைப் பிடித்ததும் செய்த வேலைகளில் ஒன்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது!

பூர்வகுடிகளுக்கு என்ன ஆயிற்று?

1637 மே மாதம் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் மக்களின் கோட்டைக் கிராமத்தைச் சுற்றி வளைத்துத் தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் எரிந்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். பிடிபட்டவர்களில் சிலரைக் கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பிய டிசையர் என்ற கப்பல் 1638இல் திரும்பும்போது ஆப்பிரிக்க அடிமைகளை பாஸ்டனுக்குக் கொண்டுவந்தது.

மாசசோயிட் செய்த உடன்படிக்கை அவர் உயிரோடு இருந்தவரை நின்றது. நிலம் போய்க்கொண்டே இருந்தது. அவர் மகன் மெட்டாகாம் 1675இல் போர் தொடுத்தார். மறு வருடம் அவரைக் கொன்று, தலையை பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள், பல வருடம் அங்கேயே இருந்தது. அவருடைய ஒன்பது வயது மகனைக் கொல்லலாமா என்று போதகர்கள் வேதத்தை வைத்து விவாதித்து, கடைசியில் அடிமையாக விற்றார்கள். மாசசோயிட் அந்த ஊருக்கு ஐந்து மான் கொண்டுபோன விருந்திலிருந்து 55 வருடம்.

கறுப்பு உடை, கிறிஸ்துமஸ் தடை, சூனியக்காரிகளை எரித்தது: எது உண்மை?

கறுப்பு உடை பெரும்பாலும் பிற்கால ஓவியர்கள் போட்டுவிட்டது. பிராட்ஃபோர்டின் சொத்துப் பட்டியலில் சிவப்பு மேல்சட்டை, ஊதா மேலங்கி எல்லாம் இருக்கிறது. பீர் எல்லோரும் குடித்தார்கள். கிறிஸ்துமஸ் தடை உண்மை: மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அந்தத் தேதி பைபிளில் இல்லை என்பதுதான் காரணம். மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் 1692இல் சூனியக்காரி என்று யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை நெஞ்சில் கல் ஏற்றியே கொன்றார்கள்.

எப்போதுதான் இதெல்லாம் ஓய்ந்தது?

1691இல் வந்த புதிய சாசனம் பிளிமத்தை மாசசூசெட்ஸோடு சேர்த்தது, ஓட்டுரிமை சபை உறுப்பினர்களுக்கு மட்டும் என்பதையும் நீக்கியது. 1791இல் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தபோதும் அது மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தியது. மாசசூசெட்ஸ் தன் சபை வரியை விட்டது 1833இல். ரோஜர் வில்லியம்ஸை வெளியேற்றிய தீர்ப்பை அந்த மாநிலம் ரத்து செய்தது 1936இல், மூன்று நூற்றாண்டு கழித்து.

தமிழர்களோடு இவர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நினைப்பதைவிட நெருக்கமாக. நியூ ஹேவன் என்ற பியூரிட்டன் குடியேற்றத்தை நிறுவிய தியோஃபிலஸ் ஈட்டன் குடும்பத்தில் வந்தவர் எலிஹு யேல். 1649இல் பாஸ்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய், 1687இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஆனார். சொந்த லாபம் பார்த்தார் என்ற புகாரில் பதவி போனது. 1718இல் கனெக்டிகட்டில் பியூரிட்டன் வாரிசுகள் நடத்திய கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசரின் படம் ஒன்று அனுப்பினார். மஸ்லின், காலிகோத் துணியெல்லாம் விற்ற பணத்தில் கட்டடம் எழுந்தது, யேல் என்ற பெயரும் வந்தது. அவரிடம் கேட்டுக் கடிதம் எழுதியவர் பாஸ்டன் போதகர் காட்டன் மாதர். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவுக்கும் கடிதம் எழுதிய அதே மாதர்.

பியூரிட்டன்களின் நேர் வாரிசுகளான காங்கிரிகேஷனல் சபையார் 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பள்ளி, 1834இல் மதுரை மிஷன். இந்தச் சபைகளில் பேராயர் கிடையாது. அதற்காகத்தானே முன்னோர் கடல் தாண்டினார்கள்! 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன்களும் இவர்களும் மெதடிஸ்டுகளும் ஒரே சபையாகச் சேர்ந்தார்கள். அந்தச் சேர்க்கையில் பேராயர் பதவியும் வந்தது. யாழ்ப்பாணத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். அவருடைய பேராலயம், அமெரிக்க மிஷனரிகள் பள்ளி நடத்திய அதே வட்டுக்கோட்டையில்.